அளவு கொடுக்க வந்தவர்கள்

இது நடந்தது. ஜோடித்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் என் பிழைப்பே வேறு மாதிரி இருந்திருக்கும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மிஷின் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அப்படி இருந்தவள்தான்.

நேரமெல்லாம் சரியாகச் சொல்வேன். அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அம்மாவின் நோட்டு. அப்பாவுக்கு மறதி நோய் வந்ததிலிருந்து எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது என்ன கேட்டார் என்று ஒன்று விடாமல் அதில் எழுதுவாள். நோட்டில் இல்லாததை அவள் வாயால் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அப்பா தையல்காரர், கட்டிங் மாஸ்டர். அம்மா நாற்பத்திரண்டு வருடம் அவரோடு கடையில் உட்கார்ந்தவள். அவர் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்வார், அவள் எழுதுவாள். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். "தோள் பதினேழு" என்று குரல் வந்தால் அம்மாவின் கை தானாக ஓடும். அந்தக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அளவை எழுதிவிட்டால் ஆர்டர் எடுத்தாயிற்று. அப்புறம் காய்ச்சலோ கலவரமோ, சொன்ன தேதியில் துணி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்துவிடும். அப்படி ஒரு பிடிவாதக்காரர்கள் இரண்டு பேரும்.

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அப்பாவின் அப்பா வைத்திருந்த தையல் கடைக்கு எதிர்வீடு அம்மா வீடு. ஆறு வயதில் கட்டிங் டேபிளுக்கு அடியில் புகுந்துகொண்டு பொம்மைக்குத் துண்டுத் துணி பொறுக்குவாளாம். ஆள் குச்சியாக இருந்ததால் அப்பா 'ஊசி' என்று பேர் வைத்தார். கல்யாணம் ஆகி, வேறு ஊரில் கடை போட்டு, என்னைப் பெற்று, அம்மா உடம்பு நன்றாகப் பூசிய பிறகும் அவர் வாயில் ஊசிதான். கடையில் நாலு பேர் முன்னாலேயே கூப்பிடுவார். அம்மா முறைப்பாள். அதெல்லாம் சும்மா முறைப்பு.

அந்தக் கூப்பாடு நின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு அம்மாவைத் தெரியவில்லை. "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பாள். பழைய இடங்களைப் பார்த்தால் சிலருக்கு ஞாபகம் வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் பட்டும் படாமலும் சொன்னார். அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை என்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டார்னா போதும்டி. அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு பழைய ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

மதியம் 1:50க்கு பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். அவர் கேட்டில் இருந்த பூட்டைப் பார்த்தார். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட மைதானத்தைக் காட்டினாள். அதில் இப்போது லாரிகள் நின்றன. அவர்கள் இருந்த வீட்டு இடத்தில் நாலு மாடி. "எப்போம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று ஆறு தடவை கேட்டிருக்கிறார், நோட்டில் ஆறு கோடு போட்டிருக்கிறாள். பஸ் நிழற்குடைக்குப் பின்னால் போய் நின்று அழுததையும் எழுதியிருக்கிறாள். 2:45 முதல் 2:50 வரை. அழுகைக்குக்கூடக் கணக்கு வைத்த புண்ணியவதி.

கடை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர் அவர்களோடு சேர்ந்து விளையாடியவர், சோடாபுட்டி. அந்த வயதிலேயே கண்ணாடி அவ்வளவு தடிமன். பழைய தையல் கடையை அவர்தான் அட்டைப்பெட்டி அடுக்க வாங்கிப் போட்டிருந்தார். கட்டிங் டேபிள் உள்ளேயே செய்தது, வாசல் வழியாக வராது என்று விட்டுவைத்திருக்கிறார். சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார்.

3:10. ஷட்டரைத் தூக்கினார்கள்.

3:14. அப்பா டேபிளின் மேல் கையை வைத்து ஒரு தடவை தடவினார். முதுகு நிமிர்ந்தது. கையை நீட்டினார். அவர் விரலுக்கு வேலை கொடுக்க அம்மா பையில் எப்போதும் ஒரு டேப் வைத்திருப்பாள். எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நோட்டு எடு" என்றார்.

பதினோரு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரல். அம்மா பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

வாசலைப் பார்த்து, "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் அளவெடுக்க ஆரம்பித்தார். ஆள் யாரும் இல்லை. கணக்கு வாத்தியாராம். அம்மாவுக்கும் பாடம் எடுத்தவர்தான், இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். நீளம் முப்பது, தோள் பதினெட்டு, மார்பு நாற்பது. அடுத்தது தபால்காரர். அதற்கடுத்து பேக்கரி அக்கா. ஞாபகம் திரும்புகிறது, வரிசையாகத் திரும்புகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னிடமும் வந்துவிடும் என்று அம்மா துடித்துக்கொண்டு எழுதினாள். இல்லாத ஆளுக்கு ஆர்டர் எடுக்கிறோமே என்று ஒரு தடவை தோன்றியதாம். தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

3:52க்கு ஒன்றைக் கவனித்தாள்.

அப்பா டேப்பின் ஒரு நுனியை மேலே வைத்துவிட்டுக் கீழே குனிந்தார். இரண்டு கையும் கீழே இருந்தன.

மேல் நுனி விழவில்லை.

தோள் உயரத்தில்... ஒன்றும் இல்லாத இடத்தில்... ஒட்டிக்கொண்டு நின்றது. டேப் விறைப்பாக இருந்தது.

ஆணி கீணியில் மாட்டியிருக்கும் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவர் ஆறடி தள்ளி இருந்தது.

4:20. அப்பா சத்தமாகச் சிரித்தார். "டேய் கண்டக்டர், வாடா." கண்டக்டர் என்பது இன்னொரு சிநேகிதன், கயிற்றுக்குள் பிள்ளைகளை நிறுத்தித் தெருவெல்லாம் பஸ் ஓட்டினவன். இவர்கள் ஊரை விட்டுப் போன அன்று பெட்டி தூக்க வந்தவன். அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"தோள் பதினேழு. வலது கை ஒன்பதரை." அப்பா நிறுத்தினார். "இடது கை வேண்டாம். எழுதாதே."

"ஏங்க?"

"கைதான் இல்லையே."

கண்டக்டருக்கு இரண்டு கையும் இருந்தது. பெட்டி தூக்கினானே... அம்மா எழுதவில்லை. எழுந்தாள். ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டி, கண்டக்டர் எங்கே இருக்கிறான் என்று சோடாபுட்டியைக் கேட்டாள். அவர் ஒரு அம்மாளுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"அவன் போய் ஆறு வருஷம் ஆச்சே. மரம் அறுக்கிற மிஷின்ல கை போயிடுச்சு, ரத்தம் நிக்கல. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

4:31. அம்மா திரும்பி வந்தாள். உள்ளே கூட்டமாக இருப்பது போல மூச்சு முட்டியது. யாரும் இல்லை. அப்பா மட்டும் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரையும் தெரிந்தது அவருக்கு. எல்லோர் பெயரும் தெரிந்தது. இவளைப் பார்த்தால் மட்டும் அந்த மரியாதை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவர்களைத்தான் இவருக்குத் தெரிகிறது.

கையைப் பிடித்து இழுத்தாள். "போலாம் வாங்க." அவர் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். நன்றாக வளர்ந்த மரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்ததாம்.

4:40.

டிரையல் ரூம் திரையின் வளையங்கள் நகர்ந்தன. கிர்ர்ர்...

காற்று இல்லை.

அப்பாவின் முகம் மாறியது. அந்த முகத்தை அம்மாவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று இருந்த முகம்.

"ஊசி" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். "இங்கதாங்க இருக்கேன்" என்று கிட்டே போனாள்.

அவர் பார்த்தது இவளை இல்லை. இவளுக்கு வலது பக்கம்... ஒரு அடி தள்ளி.

அங்கே டேப்பை வைத்தார். பூப்போல வைத்தார்.

"எழுதும்மா. தோள் பதிமூணு. மார்பு முப்பது."

அம்மாவின் மார்பளவு முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு வருடம் அளவெழுதியவளுக்கு அது தெரியாதா? என் அளவு இல்லை, நான் இல்லை, வேறு யாரோ என்று ஒரு நொடி உயிர் வந்தது.

"யாருக்குங்க எடுக்கறீங்க?"

"என் பொண்டாட்டிக்கு." அவர் குரல் குழைந்தது. "பாரு, எப்படி இளைச்சுப் போயிட்டா."

அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுதாவிட்டால் அது போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அது போனால் அவர் முகத்தில் இருக்கிற சிரிப்பும் போய்விடும். திரும்ப "நீங்க யாரும்மா"தான். அதை இன்னொரு நாள் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"எப்ப வேணுமாம்?" என்று கேட்டாள்.

அப்பா காதைச் சாய்த்து வைத்துக் கேட்டார்.

"வர்ற மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை."

அம்மா எழுதினாள். தோள், மார்பு, தேதி. பேர் என்று போட்டு 'ஊசி' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. மணி 4:46.

உடனே அப்பா டேப்பைச் சுருட்டினார். அம்மாவைப் பார்த்தார். "எப்போம்மா வீட்டுக்குப் போவோம்?" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் இதைச் சொன்னாள். நான் அவளைப் பிடித்துக் கத்தினேன். பைத்தியமா உனக்கு என்றேன். மறுநாளே கூட்டிப்போய் எங்கள் கூடத்திலேயே ரத்தம் எடுத்தேன். எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டை அவள் மூஞ்சிக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரத்தில் வளையல் கழன்று விழுந்தது. மறுபடி ரத்தம், ஸ்கேன், மூன்று டாக்டர்கள். எதிலும் ஒன்றும் இல்லை. நானே என் கையால் ஊட்டினேன். வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "எழுதினதை அடிச்சுடும்மா" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எடுத்த ஆர்டரை அடிக்கிற பழக்கம் இல்லை என்றாள். இரண்டாவது வியாழக்கிழமை லீவு போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாலை 4:46க்கு என் மடியில் போய்விட்டாள். ஏழு வயசுப் பிள்ளை கனம்தான் இருந்தாள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பா நன்றாக இருக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயிறாரச் சாப்பிடுகிறார். தலை வாரிக்கொள்கிறார். முன்னறையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க, "ஊசி, தள்ளி உட்காரு... ஊசி, தண்ணி குடு" என்று பேசிச் சிரிக்கிறார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மருந்து வேலை செய்கிறதாம்.

உயிரோடு இருந்தவளைத் தெரியவில்லை. போனவளோடு குடும்பம் நடத்துகிறார்.

என்னை இன்னும் தெரியாது. சாப்பாடு வைத்தால், "ரொம்ப நன்றிம்மா" என்பார். பழகிவிட்டது.

நேற்றுக் காலை 7:40. நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா" என்று கூப்பிட்டார்.

என்னைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். ஒன்றரை வருடம் ஆயிற்று அதைக் கேட்டு. பாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "அப்பா, இதோ இருக்கேம்ப்பா..."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா" என்றார். "உட்காரு."