சோதனைச்சாவடியில் தேனீ விஷம்

நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த காலம். தேனீயின் விஷத்தில் உள்ள ஒரு சிறு புரதத் துண்டுதான் என் பாடம். பெப்டைட் என்போம். தண்ணீரில் தளர்ந்த நூலாகக் கிடக்கும் அது, உயிரணுவைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வைத் தொட்டதும் சுருளாகிவிடும். அந்தச் சுருள் சவ்வில் படுத்திருக்கிறதா, சவ்வைத் துளைத்து நிற்கிறதா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பெப்டைட்டில் ஓர் இடம் புற ஊதா ஒளி பட்டால் தானும் மெல்ல ஒளிரும். தண்ணீரில் ஒரு விதமாக, கொழுப்புக்குள் போனால் வேறு விதமாக. கண்ணுக்கு எதுவும் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும்.

எங்கள் துறையின் கருவி பழுதாகிக் கிடந்தது. நாவுல என்ற ஊருக்குப் போகும் வழியில், ஏற்றுமதி மிளகாயிலும் மிளகிலும் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் அதே மாதிரிக் கருவி இருந்தது. அதன் பொறுப்பாளர் ஒரு சிங்கள அம்மணி. சனிக்கிழமைகளில் வந்து அளந்துகொள்ளச் சொல்லியிருந்தார். மாத்தளைத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் போவேன்.

அன்று வழியில் இருந்த இராணுவச் சோதனைச்சாவடியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நடந்தோம். ஒரு பெண் சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தாள், பையைத் திறந்தாள், ஐஸ் போட்ட பிளாஸ்கைக் கவிழ்த்தாள். பால் போன்ற கொழுப்புக் கரைசல் இருந்த குழாயோடு, வெள்ளைத் தூள் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியும் வெளியே விழுந்தது. அவள் முகம் மாறியது. தமிழ்ப் பெண்ணிடம் கண்ணாடிக் குப்பி என்றால் அந்த நாட்களில் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் வரும். புலிகள் கழுத்தில் தொங்கவிடும் சயனைட்.

அதிகாரி வந்தார். என் பஸ் போய்விட்டது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பெப்டைட், சேர். பரிசோதனைக்கு."

"எதிலிருந்து எடுத்தது?"

பொய் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. "தேனீ விஷத்திலிருந்து," என்றேன். விஷம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் பெண் சிப்பாய் துப்பாக்கியை இறுகப் பிடித்தாள்.

"குடித்தால் சாவாயா?"

"இல்லை, சேர்."

"அப்படியானால் நாக்கில் வை."

குப்பியை என் முன்னால் நீட்டினார். அதைத் திறந்தால் ஈரம் பட்டுப் பெப்டைட் வீணாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். உயிரைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. "வைக்கிறேன், சேர். அதுக்கு முன்னால ஆய்வுகூடத்துக்கு வந்து பாருங்க. பக்கத்துலதான்," என்றேன்.

என்னை ஜீப்பில் ஏற்றினார்.

ஆய்வுகூட வாசலில் ஜீப்பைக் கண்டதும் அம்மணி அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பெண்ணைத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

அம்மணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும். சனிக்கிழமை வருவாள்," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

"செய்து காட்டு," என்றார் அதிகாரி.

தூளில் கொஞ்சம் எடுத்துக் கரைத்துக் கருவியில் வைத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். "வெளிச்சம் எங்கே?"

"நமக்குத் தெரியாது, சேர். இந்தப் பேனாவைப் பாருங்க."

கருவியோடு இணைத்த பேனா நகர்ந்து காகிதத்தில் ஒரு மேட்டை வரைந்தது. கொழுப்புக் கரைசலைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மேடு இடப்பக்கம் நகர்ந்தது, பெப்டைட் கொழுப்புக்குள் போய்விட்டது. பிறகு, ஒளிரும் இடத்தைத் தொட முடிந்தால் ஒளியை அணைத்துவிடும் அயடைட் உப்பைச் சேர்த்தேன். மேடு கொஞ்சம்தான் தாழ்ந்தது.

"இதற்கு என்ன அர்த்தம்?"

"உள்ளே ஒளிஞ்சிருக்கு, சேர். உப்பால பிடிக்க முடியல."

சொன்ன பிறகுதான் என் சொற்கள் என் காதில் விழுந்தன. அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி என்ன நினைத்தாரோ, அடையாள அட்டையை மேசையில் வைத்தார். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எங்களிடம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப்பின் சத்தம் அடங்கியதும் அம்மணி தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "மகள், நிலைமை சரியாகும்வரை இங்கே வர வேண்டாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன்.

குப்பி திரும்பி வரவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வேறு பெப்டைட் வரவும் எங்கள் கருவி சரியாகவும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மறுபடி அளந்தபோதும் அதே விடைதான். சுருள் சவ்வைத் துளைக்கவில்லை, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே படுத்திருந்தது. என் பேராசிரியர் கைகுலுக்கினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பேனா மேட்டின் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பது போல இருந்து, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.