ஓட்டு கேட்க வந்தவரிடம் குதிரை கேட்ட ஷரீபுன்னிசா

ஷரீபுன்னிசா அம்மாளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அவரிடம் தோற்றுப்போனேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. காரைக்காலில் அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஆண்பிள்ளை யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கணவர் முத்து முகம்மது சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். அந்தத் தூரத்துக்குக் காரணமே அதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்போது நான் கைலாசநாதனின் மரவாடியில் வேலை பார்த்தேன். எண்பதாம் வருடத் தேர்தலில் முதலாளி புதுச்சேரி சட்டசபைக்கு நின்றார். முதலாளி நின்றால் வேலைக்காரன் ஓட வேண்டும் அல்லவா? ஓடினேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த தெருவின் பெண் ஓட்டுகளைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. ஜெயிப்பதும் தோற்பதும் அந்தத் தெருவில்தான் இருந்தது.

ஷரீபுன்னிசாவுக்கு அந்தத் தெருவில் இருந்த மதிப்பு தனி. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பிரியாணியை இறக்குமுன் உப்புப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தலையசைத்தால் பந்தி போடலாம். உதட்டைப் பிதுக்கினால் சமைத்த பண்டாரி திரும்பவும் அடுப்பங்கரைக்குப் போக வேண்டியதுதான்.

அந்தத் தெருப் பெண்கள் வெளியே கிளம்பினால் குதிரை வண்டியில்தான் போவார்கள். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாடிக்கை வண்டிக்காரர் இருந்தார். ஷரீபுன்னிசாவுக்கு கபீர். கபீர் வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்பார். அவரோ கபீரை நானா, அதாவது அண்ணன், என்பார். யார் பெரியவர் என்று இருவரும் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

கபீரின் குதிரை ஒரு செவலைப் பெட்டை. திரைக்கு நடுவே ஒரு இடுக்கு உண்டு. அதன் வழியே ஷரீபுன்னிசா பார்த்த காரைக்கால் என்பது அந்தச் செவலையின் இரண்டு காதுகளும் அவற்றுக்கு இடையே தெரிந்த கொஞ்சம் சாலையும்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துக்கம் கேட்க மையத்து வீட்டுக்குப் போனாலும் அந்தக் காதுகள் முன்னால் போயின. அவர் அந்தக் குதிரைமேல் உயிரையே வைத்திருந்தார்.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குதிரைக்கு வயதானால், ஒருநாள் புதுக்குதிரையோடு வந்து நிற்பார்கள். பழசு எங்கே என்று பெண்கள் கேட்டால், "தர்காவுக்கு நேர்ந்து விட்டாச்சு" என்பார்கள். கேட்பவர்களும் நிம்மதியாக ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். தர்கா பக்கம் கிழட்டுக் குதிரைகள் எதையுமே காணோமே என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அந்த மார்கழியில் ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. பெண்களுக்கென்று ஒரு பகல் ஆட்டம் போட்டார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் வந்துபோகக் கூடாரத்தின் பின்பக்கம் ஒரு வழி விட்டிருந்தார்கள். மறைவாகப் போகட்டும் என்று விட்ட வழிதான் விஷயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. சிங்கக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை கட்டிக்கிடந்தது. அதன் இடது காது நுனி பிளந்திருந்தது. ஆஸியா பீவி வீட்டு வாடிக்கை வண்டியில் ஓடி, போன வாரம் 'தர்காவுக்கு நேர்ந்து விட்ட' குதிரை அது. கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் ஷரீபுன்னிசா விசாரித்தார். நாளைக்குச் சிங்கத்துக்கு அதுதான் தீனி என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். ஆஸியா பீவி அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஷரீபுன்னிசா அழவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது.

திரும்பும் வழியிலேயே திரைக்குள் இருந்து கபீரைப் பிடித்துக்கொண்டார். செவலைக்கு முன்னங்கால் முட்டி வீங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதையும் சர்க்கஸுக்குக் குதிரை வாங்கிக் கொடுக்கும் தரகரிடம் கொடுப்பதாகக் கபீர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் செய்வதுதானே, இதைத் தடுக்க ஒரு சட்டமும் கிடையாதே என்று அவர் முனகினார்.

"ஏன் நானா, சட்டம் யாரு போடுறது?" என்று கேட்டார் ஷரீபுன்னிசா.

"சட்டசபைக்குப் போறவங்கதான் லாத்தா."

"அப்ப சரி. அவங்கதான் இப்ப வீடு வீடா வர்றாங்கள்ல."

இரண்டு நாள் கழித்து நாங்கள் போனோம். முதலாளி வாசலில் நின்று கும்பிட்டார். பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். வழக்கமாக அந்தப் பக்கமிருந்து வளையல் சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்றைக்கு ஷரீபுன்னிசாவின் குரலே வந்தது. குதிரைகளைக் கொல்லக் கூடாது என்று சட்டம் கேட்டு நீங்கள் சட்டசபையில் பேச வேண்டும், பேசுவேன் என்று இப்போதே மைக்கில் சொல்ல வேண்டும் என்றது அந்தக் குரல். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடிதண்ணீர் கேட்பார்கள், ரேஷன் கடை கேட்பார்கள் என்று தயாராக வந்தவர் அவர்.

"குதிரையா அம்மா ஓட்டுப் போடப் போவுது?" என்றார்.

"குதிரை போடாதுங்க. குதிரை வண்டியில வர்றவ போடுவா."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆகட்டும் பார்க்கலாம் என்று முதலாளி பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். தேர்தலுக்கு முதல்நாள் தரகர் வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஷரீபுன்னிசா கொல்லைப்புறக் கதவுகள் வழியாக வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்துவிட்டார். எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

ஓட்டுப் போட வருகிறவர்களை வண்டி வைத்து அழைத்து வரக் கூடாது என்று விதி இருந்தது. விதியும் இருந்தது, வண்டிகளும் போயின. எப்போதும் திரை கட்டிய குதிரை வண்டிகளைத்தான் அனுப்புவோம். இந்தத் தடவை கௌரவமாக இருக்கட்டும் என்று முதலாளி அம்பாசிடர் கார்களை அனுப்பினார். கண்ணாடிக்குப் பச்சைத் துணி ஒட்டியது நான்தான். எதிர்க்கட்சிக்காரரும் அதையே செய்தார். தெரு முழுக்கக் கார்கள் நின்றன. ஒரு கதவும் திறக்கவில்லை.

பத்து மணியாகியும் பெண்கள் வரிசையில் ஆளே இல்லை. உச்சிவேளைக்கு எனக்கு வியர்த்துக் கொட்டியது. கதவடியில் போய்க் கெஞ்சினேன். "கார்ல ஏற மாட்டோம் தம்பி. சர்க்கஸ்ல இருந்து செவலை வரட்டும், அது வந்தா நாங்களும் வர்றோம். உங்க முதலாளி அன்னைக்குச் சொல்லாம போனதையும் சொல்லச் சொல்லுங்க" என்றார் ஷரீபுன்னிசா. எதிர்க்கட்சி ஆளுக்கும் அதே பதில்தான். யார் முந்துகிறார்கள் என்பது மட்டும்தான் பாக்கி.

போய்ச் சொன்னபோது முதலாளி சிரிக்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு சர்க்கஸுக்குப் பறந்தார். கூடவே நானும் போனேன். அந்த வெள்ளைக் குதிரை கட்டியிருந்த இடத்தில் செவலை நின்றது. வெள்ளையைக் காணோம். கூண்டுப் பக்கமிருந்து ரத்த வாடை வந்தது. எது நடந்தாலும் கலங்காத முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு மேனேஜரிடம் போட்ட சத்தத்தில் சிங்கம்கூட எழுந்து உட்கார்ந்தது. ஓட்டுக்காகத்தான் அவர் அங்கே போனார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சத்தம் ஓட்டுக்காகப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கபீர் தெருமுனையில் வெறும் வண்டியோடு காத்திருந்தார். நாங்கள் மீட்டு ஓட்டிவந்த செவலையைப் பார்த்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார். வண்டியைப் பூட்டித் தெருவுக்குள் கொண்டுவந்தோம். ஓட்டு நாளில் மைக் கூடாது என்ற விதியையும் பார்க்காமல் முதலாளி ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தார். ஜெயித்தால் குதிரைகளை வெட்டுக்குக் கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் கேட்டுச் சட்டசபையில் பேசுவேன் என்று தெருவே கேட்கச் சொன்னார்.

கதவு திறந்தது. தலையோடு துப்பட்டியைப் போர்த்தி ஷரீபுன்னிசா வெளியே வந்தார். அப்போதுதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியில் ஏறவில்லை. செவலையின் முன்னால் போய் நின்று, வீங்கிய முட்டியைக் குனிந்து பார்த்தார். அத்தனை வருடமாகப் பின்னாலிருந்தே பார்த்த குதிரையை முதல் தடவையாக முன்னால் நின்று பார்க்கிறார். அதன் நெற்றியில் கை வைத்தபோது அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"அவுத்து விடுங்க நானா. இந்தக் காலோட நம்மளச் சுமக்க வேணாம். நாம நடப்போம்" என்றார்.

அவர் நடந்தார். ஆஸியா பீவி வந்தார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பட்டப்பகலில், காரைக்கால் கடைத்தெரு பார்க்க, ஒரு திரையும் இல்லாமல் அந்தத் தெருப் பெண்கள் பூத்துக்கு நடந்தே போனார்கள். கடைக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கபீர் வெறுங்குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

யாருக்குப் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. முதலாளி ஜெயித்தார். ஜெயித்தவர் எல்லாரையும் போல மறக்கவும் ஆரம்பித்தார். முதல் கூட்டத்தொடர் முடிகிற சமயத்தில் ஷரீபுன்னிசாவும் இன்னும் சில பெண்களும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கே போய்விட்டார்கள். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தது நான். முதலாளி மேலே நிமிர்ந்து பார்த்தார், எழுந்தார், பேசினார். சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் உட்காரவில்லை. சர்க்கஸில் கண்டதையெல்லாம் சொன்னார், சிரிப்பு அடங்கியது. பரிசீலிப்பதாக மந்திரி சொன்னார். சட்டம் வரவில்லை. ஆனால் எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் அதன்பிறகு தரகரைக் கிட்டவே சேர்க்கவில்லை. பழைய குதிரையைக் கண்ணால் பார்க்காமல் புதுக்குதிரை பூட்டிய வண்டியில் எந்தப் பெண்ணும் ஏறமாட்டாளே.

மூன்று வருடம் கழித்துச் செவலை கபீர் வீட்டுக் கொல்லையில், வைக்கோல்மேல் படுத்தபடியே செத்துப்போனது. முதலாளி அப்போதும் எம்.எல்.ஏ.தான். பெரிய ரோஜா மாலை ஒன்றை என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் போனபோது ஷரீபுன்னிசா முன்னமே வந்து குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. மாலையை ஒரு பார்வை பார்த்தார்.

"மாலைய எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. அடுத்த கூட்டத்துல இன்னொரு தடவ எந்திரிச்சுப் பேசச் சொல்லுங்க. நாங்க வந்து உக்காந்திருப்போம்."

மாலையோடு திரும்பிப் போய் அப்படியே சொன்னேன். முதலாளி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டார்.