முனிரத்தினம் அவர்களின் நீளமான தலைப்பு

பாகாலாவில் ரயில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. நான் முனிரத்தினம் அவர்களைப் பார்க்கத்தான் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையின் தலைப்பைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அவருடைய மகள் கவிதா அழைத்தாள். "அக்கா, நைனா போய்ட்டாரு. காபி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு. ஊருக்குத்தான் எடுத்துக்கினு போறோம், அங்க வந்துடுங்க." இறங்கத் தோன்றாமல் சித்தூர் வரை போனேன். அங்கே இறங்கி, அவருடைய சொந்த ஊருக்குப் போக, புத்தூர் பஸ்ஸைத் தேடினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். வேலை முடிந்த பிறகு, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதுவார். கல்லூரியில் கணிதம் நடத்தும் நானும் அங்கே எழுதுகிறவள். எங்கள் அறிமுகமே சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் எழுதிய வாக்கியத்திலிருந்து 'கொடூரமான' என்ற சொல்லை நீக்கிவிட்டார். ஏன் என்று போனில் கேட்டேன். "ஆஸ்பத்திரி மேல குண்டு வுழுந்துச்சுன்னு எழுதிட்டீங்க மேடம். அப்புறம் கொடூரம்னு வேற சொல்லணுமா? படிக்கறவங்க அவ்ளோ மண்டுங்களா?" என்றார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு தூர தேசம் ஒன்றில் போர் வந்தது. அந்த நாட்டின் எல்லை மாகாணம் ஒன்றின் மீது நாள்தோறும் குண்டு விழுந்தது. மாகாணத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகர்களில் பாதிப் பேர், அதை எப்படி அழைக்க வேண்டும் என்று சண்டைக்கு வருவீர்கள். கலைக்களஞ்சியத்தில் அதைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையிலும் அதுதான் நடந்தது. ஒருவர் 'போர்' என்றார், ஒருவர் 'படுகொலை' என்றார், இன்னொருவர் கூசாமல் 'நடவடிக்கை' என்றார். முனிரத்தினம் அண்ணா யாருக்கும் மசியவில்லை. ஆலையில் டப்பாவை மூடி, மாதிரியைச் சோதித்த பிறகுதான் லேபிள் ஒட்டுவார்கள். அதுவரை டப்பா மொட்டையாகவே நிற்கும். "உள்ள இன்னா கீதோ அதான் மேல. லேபிளை மொதல்ல ஒட்டிட்டு அதுக்கேத்த பழத்தைத் தேடக் கூடாது" என்பார். எல்லாத் தகவலும் சேர்ந்த பிறகே 'மாகாணத்தின் மீதான தாக்குதல்கள்' என்று பெயர் வைத்தார்.

அப்போதுதான் நான் ஒரு சிற்றூரைக் கொண்டுவந்தேன். மாகாணத்தின் எல்லைக் கோட்டுக்குச் சற்று வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர். அதே நாளில், அதே தாக்குதலில் அதன் சந்தை எரிந்துபோனது. தனிப் பக்கம் எழுத அதற்குப் போதிய செய்தி கிடையாது. இங்கே இடமில்லை என்றால் அதற்கு எங்கேயும் இடமில்லை. தலைப்பில் மாகாணம் என்றுதானே இருக்கிறது என்று அண்ணா அதை நீக்கினார்.

"குண்டு போட்டவன் கோட்டைப் பார்த்தா போட்டான், அண்ணா?"

"அவன் பாக்கல. நாம பாக்கணுமே மேடம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சீசனில் மாநில எல்லை தாண்டிக் குடியாத்தம் பக்கத்துப் பழம் லாரி லாரியாக உங்கள் ஆலைக்கு வருகிறதே, அதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று திருப்பி அனுப்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் காலை அவரே அழைத்தார். "ராத்திரி முழுக்க அதையே நெனைச்சிக்கினு இருந்தேன். நாங்க லேபிள்ல பழத்தோட பேருதான் போடுவோம், தோப்போட பேரு போட மாட்டோம். இங்க நாம தோப்பு பேரை ஒட்டிட்டோம் மேடம். ஊரைத் தூக்கிப்போட வேணாம், லேபிளை மாத்திடலாம்." அன்றே தலைப்பு 'மாகாணத்திலும் அதன் எல்லையோரச் சிற்றூர்களிலும் நடந்த தாக்குதல்கள்' ஆனது. "இது தலைப்பா, கல்யாணப் பத்திரிகையா?" என்று ஒருவர் கிண்டலடித்தார். இன்னொருவர் பழைய தலைப்பையே திரும்ப வைத்து, சிற்றூரை மறுபடியும் நீக்கினார். அதற்குப் பதில் எழுதத்தான் சித்தூரில் சந்திப்பதாக இருந்தோம்.

புத்தூர் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊரில் அடக்கம் முடிந்தது. பேப்பரில் ஒரு செய்தி வர வேண்டும் என்று கவிதா ஆசைப்பட்டாள். நான்தான் போன் செய்தேன். தெலுங்குப் பத்திரிகையின் சித்தூர் பதிப்பில், மாவட்டம் பிரிந்த பிறகு அந்த ஊர் திருப்பதிப் பதிப்புக்குப் போய்விட்டது என்றார்கள். திருப்பதியில், அவர் வசித்தது சித்தூரில் ஆயிற்றே என்றார்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஆந்திரா எங்கள் ஏரியா இல்லையே அம்மா என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கவிதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நைனா எந்தப் பேப்பர்லயும் வர மாட்டாரா அக்கா?"

பந்தலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனிலேயே கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். அண்ணா சொன்ன காரணத்தைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதி, அவருடைய நீளமான தலைப்பைத் திரும்ப வைத்தேன். அந்தச் சிற்றூரையும் சேர்த்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

இதை எழுதும் இந்த நேரம் வரை அந்தச் சிற்றூர் கட்டுரையில் இருக்கிறது. போய் வாருங்கள், அண்ணா. யாராவது எடுத்தால் திரும்பப் போடுகிறேன்.