நாலாம் நம்பர் நாற்காலியும் ரெண்டு விரல் துணியும்

முதல்லயே சொல்லிடறேன், இந்தப் பாவாடை பொம்பளைங்க கட்டுற பாவாடை இல்லை. பாவாடைராயன் சாமி பேரு. வில்லியனூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு பாவாடை மேலதான் விழணும். ஆனா அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நம்ம ஆளு ஒருத்தன் நேரு வீதியில துணிக்கடை வேலைக்குப் போய்ச் சேர்ந்தான் பாருங்க, அதுக்கு அவங்க சாமியே பொறுப்பு ஏத்துக்க மாட்டாரு.

நான் அமுதவல்லி. ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டுல பிரௌசிங் சென்டர் வெச்சிருந்தேன். போர்டுலதான் பிரௌசிங். 2006-ல பரீட்சை ரிசல்ட் வர்ற நாளைத் தவிர ஒருத்தனும் எதையும் பிரௌஸ் பண்ணதா எனக்கு ஞாபகம் இல்லை. பத்து கம்ப்யூட்டர்லயும் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுச் சுவரு ஓரமா ஓடுவானுங்க, ஒருத்தனை ஒருத்தன் சுடுவானுங்க, செத்தவன் சுட்டவனைத் திட்டுவான். காது ரெண்டும் எனக்கு இப்பவும் கொய்ங்னுது.

பாவாடை இதுல எப்படி வந்து மாட்டினான்னா, மச்சினிச்சிக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்தான். வந்தவன் ஓரமா நிக்கிறான். "உக்காருப்பா"ன்னேன். "பரவால்லக்கா, பழக்கம்"னான். பதினாறு வருஷமா சூட்டிங் ஷர்ட்டிங் பிரிவுல நிக்கிறவன். சேல்ஸ்மேன் உக்காரக் கூடாதுன்னு அவங்க முதலாளி சட்டம். வர்றவங்களுக்கெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார வைப்பான், இவன் நிப்பான். கெண்டைக்கால்ல நரம்பு கயிறு கயிறா புடைச்சுக்கிட்டு இருக்கும், பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அன்னிக்கு பசங்க டீம்ல ஒரு ஆளு குறைஞ்சது. "அண்ணா, சும்மா நாலாம் நம்பர்ல உக்காந்து மௌஸைப் பிடி"ன்னு இழுத்து உக்கார வெச்சானுங்க. ஒரு வாரம் செத்துக்கிட்டே இருந்தான். ரெண்டாவது வாரம் சுட ஆரம்பிச்சான். அம்மாடி! துணியைப் பாத்ததும் எத்தனை மீட்டர்னு சொல்ற கண்ணு இல்லையா, எதிரி தலை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கண்ணே அளந்துடும், கை போய்ச் சரியா நிக்கும். ஒரே ஒரு குறை. எதிரி தலையை நீட்டினதும் இவன் வாய்ல தானா "வாங்க, வாங்க, என்ன பாக்கறீங்க?"ன்னு வந்துடும். பசங்க சிரிச்சே செத்துப் போவானுங்க, நிஜமாவும் கேம்லயும்.

அப்புறம் என்ன, தினமும் மதியம் கடையை மூடினதும் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்துடுவான். ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் ஊரே தூங்கும், இவன் டிபன் பாக்ஸை முடிச்சுட்டு நாலாம் நம்பர்ல உக்காந்துடுவான். பொண்டாட்டி லட்சுமிக்கும் தெரியும். "உக்காந்துதானே இருக்காரு, இருந்துட்டுப் போவட்டும்"னு என்கிட்டயே சொன்னா. முப்பத்தாறு வயசு ஆளு, வேலையும் வீடும் தவிர அவனுக்குன்னு ஊர்ல இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

அதுக்குத்தான் ஆகஸ்டு மாசம் ஆபத்து வந்தது.

ஆகஸ்டுல பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிப் போன நம்ம ஊர்க் குடும்பங்கள் எல்லாம் பாரீஸ் பக்கத்துலருந்து வந்து இறங்குவாங்க. லீவுக்கு வந்திருக்கோம்னு சொல்ல மாட்டாங்க, வக்கான்ஸுக்கு வந்திருக்கோம்பாங்க. எங்க தெருவுல ரொலான்னு ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். வருஷா வருஷம் வந்ததும் அவனை மாதிரி வந்த நாலு பேரைச் சேத்துக்கிட்டு எங்க பசங்களோட ஒரு மேட்ச் போடுவான். அந்த வருஷம் வந்தவன், புதுசா ஒரு கேம் சிடியைக் கொண்டாந்தான். பாத்ததும் எங்க பசங்களுக்குப் பழைய கேம் புளிச்சுப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச் புது கேம்லதான்னு முடிவாச்சு.

பாவாடை புது கேம்ல உக்காந்தான். செத்தான். திரும்ப உக்காந்தான், திரும்பச் செத்தான்.

விஷயம் என்னான்னா, மௌஸை மேசை மேல இவ்ளோ தள்ளினா கேம்ல ஆளு எவ்ளோ திரும்புவான்னு ஒரு கணக்கு இருக்காம். சென்சிடிவிட்டின்னு பேரு. பழைய கேம்ல இவன் மூணுன்னு வெச்சிருந்தான். புதுசுலயும் அதே மூணைப் போட்டான். ஆனா இந்த கேம் மூணு வேற, அந்த கேம் மூணு வேற. என் வீட்டு உப்புக் கரண்டியை எடுத்துட்டுப் போய் உங்க வீட்டுக் குழம்புல போட்டா விளங்குமா? புது கேம்ல ஆளு திரும்பவே மாட்டேங்கறான். இவன் மௌஸைத் தள்ளு தள்ளுன்னு தள்றான், பின்னாடி இருக்கறவன் நிதானமா சுட்டுட்டுப் போறான்.

டீம் தலைவன் விஜய், பாலிடெக்னிக்ல படிக்கிறவன். கெட்டவன் இல்லை, ஆனா ஜெயிக்கணும்னா பெத்தவங்களையே பெஞ்சுல உக்கார வெச்சுடுவான். நாலு நாள் பாத்துட்டு வந்து சொன்னான்: "அண்ணா, தப்பா நெனைக்காத. ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீ ஆடு. அன்னிக்கும் இப்படியே போச்சுன்னா நாலாம் நம்பர்ல என் தம்பியை உக்கார வெச்சுடறேன்."

"சரிப்பா"ன்னான் பாவாடை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு விஜய்க்கு அன்னிக்கு ஹெட்போனே தரலை.

மறுநாள் ரொலானே வந்து வழி சொன்னான், பாவம் நல்ல பையன். "அண்ணா, நம்பரைப் பாக்காதீங்க. பழைய கேம்ல ஒரு கதவு மேல குறி வைங்க. மௌஸை நேரா இழுங்க. ஆளு முழுசா ஒரு சுத்து சுத்தித் திரும்ப அதே கதவுக்கு வருவான். அதுக்கு மேசையில எத்தனை சென்டிமீட்டர் ஆச்சோ, புது கேம்லயும் அதே சென்டிமீட்டர் வர்ற மாதிரி நம்பரை மாத்துங்க. அங்க நாங்க எல்லாம் அப்படித்தான்."

அளக்கறதா! பாவாடை முகம் அப்படியே மலர்ந்து போச்சு. சட்டைப் பையிலருந்து டேப்பை எடுத்தான். பழைய கேமைப் போட்டு, பக்கத்து கீபோர்டை ஒதுக்கி, மேசையில டேப்பை விரிச்சு, மௌஸை இழுத்தான். "முப்பத்திரண்டு சென்டிமீட்டர்க்கா, நூல் பிசகலை"ன்னான். அப்புறம் புது கேம். மூணு, நாலு, நாலரைன்னு நம்பரை ஏத்தி ஏத்தி இழுத்துப் பாத்தான். நாலரையில "அளவு வந்துடுச்சு"ன்னு டேப்பைச் சுருட்டிப் பையில போட்டான். பில் போட்டு முடிச்ச திருப்தி அவன் மூஞ்சியில.

அன்னிக்கும் மறுநாளும் ஆடினான். முன்னைக்கு இப்ப தேவலை. ஆனா குறி ஒவ்வொரு தடவையும் எதிரிக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுது. குண்டெல்லாம் எதிரிக்குப் பக்கத்துச் சுவத்துல போய்ப் பாயுது. அந்தச் சுவத்துக்கு உயிர் இருந்தா நூறு தடவை செத்திருக்கும். "என் கைதான் போச்சுக்கா, வயசாயிடுச்சு"ன்னான். "போடா, முப்பத்தாறுல என்னடா வயசு"ன்னு திட்டி அனுப்பினேன்.

சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு பேன்ட் துணி எடுக்க அவன் கடைக்கே போனேன். என்னைக் கண்டதும் நாற்காலியைப் போட்டான். எனக்கு முன்னாடி ஒரு அம்மா மிச்சத் துணி ஒண்ணைக் கொண்டாந்து, இதுல பையனுக்குச் சட்டை வருமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மீட்டர் கோலை வெச்சு அளந்தான். "ஒண்ணே முக்கால், ஒரு நூல் அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை"ன்னான். அப்புறம் என் துணி. ஒண்ணேகால் மீட்டர் கேட்டேன். துணிச் சுருளை உருட்டினான், கோலை வெச்சான், ஒண்ணேகால்ல கட்டை விரலை வெச்சான். அங்க வெட்டணும் இல்லையா? இல்லை. விரலுக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு விரலை மடக்கி வெச்சு, அதுக்கு அப்பால கத்திரி போட்டு, சர்ருனு கிழிச்சான்.

"அது என்னாப்பா ரெண்டு விரல்?"

"அதுவாக்கா, துணி தண்ணி பட்டா சுருங்கும். தையல்காரன் வேற பத்தலைன்னு சொல்லுவான். இருக்கற துணியை அளந்தா உள்ளதை உள்ளபடி சொல்லணும். வெட்டிக் குடுத்தா ரெண்டு விரல் விட்டுத்தான் குடுக்கணும். நான் கிழிச்ச துணி பத்தலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர் திரும்பி வந்தது இல்லைக்கா."

எனக்கு அங்கயே சுருக்குனு உறைச்சது. பழைய கேம்ல இருக்கறதை அளந்தான், அதனால முப்பத்திரண்டு சரி. புது கேம்ல இவனாப் புதுசா அளவு போட்டுக் குடுத்தான். மனுஷன் மௌஸுக்கும் ரெண்டு விரல் தாராளமா விட்டிருக்கான்! முழுச் சுத்துக்கு ரெண்டு விரல் கூடத் தள்ள வேண்டியதாயிட்டா, பழகின கை நிக்கற இடத்துல குறி எதிரிகிட்ட வந்து சேராதே.

கடையில எதுவும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை காலையில பசங்க வர்றதுக்கு முன்னாடியே அவனை வரவழைச்சு விஷயத்தைச் சொன்னேன். "சேச்சே, நான் விடலைக்கா"ன்னான். "அளந்து காட்டு"ன்னேன். டேப்பை விரிச்சான், மௌஸை இழுத்தான், ஆளு சுத்தி முடிச்சுக் கதவுக்கு வந்தான். "பாருங்க, முப்பத்திரண்டு"ன்னு டேப்பைத் தொட்டான். மௌஸ் நின்ன இடத்துலருந்து ரெண்டு விரல் உள்ளடங்கி அவன் கட்டை விரல் நிக்குது. மௌஸ் முப்பத்தஞ்சரையில இருக்கு. அவனே குனிஞ்சு பாத்தான்.

"ஐயோ! இத்தனை நாளா இதுவா?"

"இதுதான். திரும்ப அள, கையைக் கட்டுப்படுத்திக்கிட்டு."

திரும்ப அளந்தான். கை திரும்பவும் ரெண்டு விரலைத் தாண்டிடுச்சு. மூணாவது தடவையும் அப்படியே. இந்தக் கையை என்ன பண்றதுன்னு அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு வரலை, ஒன்பது மணிக்கு மேட்ச். இன்னிக்கு இல்லைன்னாலும் அடுத்த தடவைக்காவது கை திருந்தட்டும்னு, "ஒரு வாரம் கடையிலயும் அந்த ரெண்டு விரலை விடாம கிழிச்சுப் பாரு, தானா பழகிடும்"னு சொன்னேன்.

சிரிப்பு போயிடுச்சு அவனுக்கு. "அது மட்டும் முடியாதுக்கா. பத்தாத துணியை நம்ம தலையில கட்டினான்னு ஒருத்தன் மனசுல நெனைச்சாக்கூட எனக்குச் சோறு இறங்காது. நாற்காலி போனா போவுது. நான் நின்னு பழகினவன்தானே."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "நாற்காலி போனா போவுதா? அறைஞ்சேன்னா தெரியும்! நகரு, நான் அளக்கறேன்"னு டேப்பைப் பிடுங்கினேன். நான் கஞ்சத்தனம் புடிச்சவ. தெருவுக்கே தெரியும். சொந்தத் தம்பி வந்தாக்கூட அரை டம்ளர் காப்பிதான். என் கைக்கு ஒரு நூல்கூட விட்டுக் குடுக்கத் தெரியாது. முப்பத்திரண்டுல நகத்தை ஊனிக்கிட்டு, "இழு, நகத்தைத் தாண்டினே தொலைச்சுடுவேன்"னேன். இழுத்தான். நம்பர் நாலே முக்காலுக்குப் பத்தலை. அஞ்சுல வந்து கதவு டக்குனு நின்னது.

ஒன்பது மணிக்கு மேட்ச். ரொலான் கூட்டம் அந்தப் பக்கம், நம்ம ஆளுங்க இந்தப் பக்கம். பதினஞ்சு ரவுண்டு, எட்டு எடுத்தவன் ஜெயிச்சான். எனக்கு அந்த ஆட்டத்துல சாவறதும் சுடறதும் தவிர ஒண்ணும் புரியாது, ஆனா நாலாம் நம்பர் பின்னாடியே நின்னேன். முதல் ரவுண்டுல மூலையிலருந்து ஒருத்தன் தலையை நீட்டினான். கை போச்சு, நின்னது, ஆளு சாஞ்சான். சுவத்துல ஒரு ஓட்டை விழலை. பாவாடை என்னைத் திரும்பிப் பாத்தான். "முன்னாடி பாருடா!"ன்னு கத்தினேன்.

ஏழுக்கு ஏழு ஆச்சு. கடைசி ரவுண்டுல நம்ம பக்கம் நாலு பேரும் போயாச்சு, இவன் ஒருத்தன்தான். எதிர்ல ரெண்டு பேரு. ரொலான் வந்தான், இவன் சுட்டான், ரொலான் விழுந்தான். நான் கையைத் தட்டறதுக்குள்ள இன்னொருத்தன் பின்னாடியிருந்து வந்து இவனைச் சுட்டுட்டான். எட்டுக்கு ஏழு. தோத்தோம்.

பாவாடை ஹெட்போனைக் கழட்டி மேசை மேல ஒழுங்கா வெச்சான். நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்தான். "விஜய், தம்பியை வரச் சொல்லுப்பா"ன்னான். மஞ்சப் பையை எடுத்துக்கிட்டான்.

விஜய் ஸ்கிரீன்லருந்து கண்ணை எடுக்கலை. யாரு யாரு எத்தனை பேரைச் சுட்டாங்கன்னு பட்டியல் வந்திருந்தது. விஜய் பேருக்கு நேரா ஒன்பது. ரொலானுக்குப் பதினாறு. எல்லாருக்கும் மேல பாவாடை, பத்தொன்பது. "தம்பிக்கு அடுத்த வாரம் பரீட்சைண்ணா"ன்னான் விஜய், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. பொய்யி. அவன் தம்பிக்கு அப்ப பரீட்சையே கிடையாது.

அதுக்குள்ள ரொலான் அந்தப் பக்கத்துலருந்து வந்துட்டான். எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டே வந்தவன், பாவாடை பையோட நிக்கறதைப் பாத்தான். நாலாம் நம்பர் நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டான்.

"ஏன் நிக்கறீங்க? உக்காருங்க, மெஸ்யே. உங்களோட இன்னும் ஒரு ஆட்டம் போடணும்."

அவனைப் பாத்து யாராவது மெஸ்யே, ஐயான்னு கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்காருங்கன்னு சொல்லி அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான் போல. நாற்காலியையும் ரொலானையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்கறான் பைத்தியக்காரன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அது பசங்களுக்குத் தெரியக் கூடாதே.

"உக்காந்து தொலையேன்டா!"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். உக்காந்தான்.