என் தம்பியின் பாட்டை எனக்கு விற்க மாட்டார்களாம்

போலந்தில் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. வந்த புதிதில் இது தெரியாமல் பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பையோடு நின்றிருக்கிறேன். உள்ளே ரொட்டி கண்ணுக்குத் தெரியும், கையில் பணம் இருக்கும், வாங்கத்தான் முடியாது. அதுவும் பழகிவிட்டது. பழகாதது என் கைபேசியில் இருக்கும் பாட்டுக்கடை. எனக்கு அங்கே எல்லா நாளும் ஞாயிறுதான். தேடினால் எங்கள் பக்கத்து ஜமாப் மேள ஆல்பம் ஒன்றின் அட்டைப்படம் வரும். தோளில் மேளத்தோடு நிற்கிற கூட்டத்தில் ஓரமாக முறைத்துக்கொண்டிருப்பவன் என் தம்பி மயில்சாமி. வாங்கு என்ற பொத்தானை அழுத்தினால், 'இது உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று எழுதிக் காட்டும். எது என் நாடு என்று அதற்கு யார் சொன்னார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்துவேன். விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்துவேன்.

அது எங்கேயும் இனாமாகக் கிடைக்குமே என்று இதைப் படிக்கும் எங்கள் ஊர் உடுமலைக்காரர்கள் சிரிக்கலாம். கிடைக்கும். அந்த இனாமில்தான் என் தம்பியின் கை போனது.

நான் இங்கே ஃபவுண்டரி வேலைக்கு வந்த பிறகு அவர்கள் குழு கோயமுத்தூர் போய் அதைப் பதிவு செய்தது. அடுத்த கோயில் திருவிழாவுக்கு நோன்பி சாட்டுவதற்குள் சந்தைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்காரன் கேட்டவர்களுக்கெல்லாம் மெமரி கார்டில் அதை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மயில்சாமி நியாயம் கேட்கப் போய், பாட்டு ஏற்றுகிற கம்ப்யூட்டர்மேல் கையை வைத்து மறித்தான். எங்கள் பக்கத்துச் சண்டையில் மரியாதை கடைசிவரை குறையாது. "கைய எடுங்க, இல்லீன்னா ஒடச்சுப்போடுவனுங்க" என்று கடைக்காரன் சொன்னானாம். இவன் எடுக்கவில்லை. ஷட்டர் இழுக்கிற கம்பியால் அந்தக் கையை மேசைமேல் வைத்தே அடித்தார்கள். இரண்டு விரல்கள் மட்டும் பழையபடி மடங்குகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, வீட்டிலிருந்த குறுந்தட்டைக் காலில் போட்டு மிதித்து நொறுக்கினான். பிறகு தொலைபேசியில் என்னிடம் சொன்னான்: "ஓசியில மட்டும் கேட்றாதீங்கண்ணா. நம்ம சனத்துல ஒருத்தராச்சும் காசு குடுத்து வாங்குனாங்கன்னா எங்கை சும்மா போகலைன்னு நெனச்சுக்குவேன்."

அதிலிருந்து எப்போது பேசினாலும் முதல் கேள்வி அதுதான். "வாங்கிட்டீங்களாண்ணா?"

ஃபவுண்டரியில் என்னோடு வார்ப்புகளில் ஒட்டிய பிசிறு தட்டுகிறவன் மாரெக். நல்லவன். ஒரு சாப்பாட்டு நேரத்தில் நான் கைபேசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் கைபேசியில் ஏதோ தேடினான். அதே அட்டைப்படம், கீழே அதை இனாமாக ஏற்றிவிட்ட எவனோ ஒருவனின் பெயர். "ஃப்ரீ, ஃப்ரீ" என்று சிரித்தபடி ஒலிக்கவிடப் போனான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். என் கை எப்படிப் போனதென்று தெரியவில்லை, அவன் கைபேசியைத் தட்டிவிட்டேன். மணல் குவியலில் போய் விழுந்தது. அவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் சட்டையைப் பிடித்தேன். படத்தைக் காட்டி, "தம்பி" என்றேன். கையைக் காட்டி, சம்மட்டியால் அடிப்பதுபோலச் செய்தேன். எனக்குத் தெரிந்த போலிஷ் அத்தோடு முடிந்தது. அவன் முகம் மாறிப் பிடியை விட்டான். மறுநாள் கல்லறையில் ஏற்றுகிற கண்ணாடி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, குனிந்து என் கையில் கொடுத்தான். மயில்சாமி செத்துப்போனதாக நினைத்துவிட்டான். இல்லை என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை விடுப்பில் போனபோது, ஊர் மண்ணை மிதித்ததும் முதல் வேலை அதுதான் என்று இருந்தேன். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு மயில்சாமி வந்திருந்தான். பீளமேட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ வருவதற்குள் பொத்தானை அழுத்தினேன். உங்கள் கணக்கு போலந்துக் கணக்கு, இந்தியக் கடையில் வாங்க இந்திய வங்கி அட்டை வேண்டும் என்றது. அதுவும் பழைய பர்ஸில் இருந்தது. போட்டேன். உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண்ணை நான் விட்டு வருடங்களாகின்றன. இப்போது யாரிடமோ இருக்கிறது. தம்பியின் பட்டன் போனை வாங்கி அந்த எண்ணுக்கே அடித்தேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, இப்ப உங்களுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்குமுங்க. அதக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"ஏண்டா, காத்தாலயே ஆரம்பிச்சுட்டியா? எங்க மாமனாருகிட்டப் புடுங்குனது பத்தலியா? நேர்ல வாடா, வெளக்குமாறு பிஞ்சு போகும்!"

"அய்யோ, நானு அந்த ஆளு இல்லீங்க. எந்தம்பி பாட்டு வாங்கோணுமுங்க..."

"பாட்டா? உனக்குச் சங்குதான்டா!"

பக்கத்து மேசைவரை கேட்டது. மயில்சாமி டீ சிந்தச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசியை மேசையில் அடித்தேன். கண்ணாடி கீறியது.

"விடுங்கண்ணா," என்றான். ஆனால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "விக்கறதுக்கே மனசில்லாதவங்க எதுக்குண்ணா கடை வெச்சிருக்காங்க?"

உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறினோம். பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள் வந்ததும் ஓட்டுநர் பாட்டை மாற்றினார். சத்தமாக ஜமாப் கிளம்பியது. மயில்சாமியின் முதுகு நிமிர்ந்தது. "நாங்க அடிச்சது" என்றான்.

எழுந்து முன்னால் போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினேன். மேளம் அறுந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று கண்டக்டர் என் தோளைப் பிடித்தார்.

"இது திருட்டுப் பாட்டுங்க. இத அடிச்சவன் அங்க உக்காந்திருக்கறானுங்க."

"பாட்டுல என்னங்க திருட்டு? மருவாதியா குடுத்துருங்க."

"அய்யனப் பாத்தா வெளியூரு மாதிரித் தெரியுது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அந்தச் சொல்தான் என்னை உசுப்பியது. தோளிலிருந்த கையை உதறித் தள்ளினேன். கண்டக்டர் கம்பியில் மோதி, திரும்பி வந்து என் வாயில் குத்தினார். உப்பு ருசித்தது. நானும் குத்தினேன். ஓட்டுநர் பிரேக் போட, நாங்கள் இருவரும் படிக்கட்டருகே உருண்டோம். என் மூடிய முட்டியைப் பிரிக்க நாலைந்து கைகள் வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு இரண்டு விரல்களே மடங்கின.

"குடுத்துருங்கண்ணா" என்றான் மயில்சாமி. "அந்த எடத்துல நிறுத்தக் கூடாது. அடி பாதியில நிக்குது."

முட்டி தானாகத் திறந்தது. அவனே பென் டிரைவை ஓட்டுநரிடம் கொடுத்தான். எங்கள் பைகளை வெளியே எறிந்துவிட்டு, "எறங்குங்க ரெண்டு பேரும்" என்றார் கண்டக்டர்.

பஸ் கிளம்பும்போது மேளமும் கிளம்பியது. கதவு திறந்தே இருந்ததால் நன்றாகக் கேட்டது. மயில்சாமி என் முழங்கையைப் பற்றி, "இப்பத் திருப்பம் வருமுங்க, அது எங்கை அடிச்சது" என்றான். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதை நிறுத்திவிடுகிறவன் போல அவன் கையை உயர்த்தினான். லாரி மேளத்தை அமுக்கி அலறிக்கொண்டே கடந்தது. புழுதி அடங்கியபோது மேளம் தூரத்தில் இருந்தது.

"கேட்டீங்களாண்ணா?"

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, "கேட்டனப்பா" என்றேன்.

எந்த நாட்டிலும் எனக்கு விற்காத அந்தப் பாட்டு, என் ஊருக்கு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பைகளைப் பொறுக்கிக்கொண்டு சாலையோரமாக அதன் பின்னால் நடந்தோம்.