அந்திச் சங்கும் காமுவின் பள்ளிக்கூடமும்

இந்த ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தினமும் ஒரு சாவு விழுகிறது என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். கல்கத்தாவில், பவானிபூரில் எங்கள் சந்துக்குள் வந்து இறங்கிய முதல் நாள் சாயங்காலமே எதிர்வீட்டில் சங்கு ஊதினார்கள். நம் பக்கத்தில் தெருவில் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிணம் எடுக்கிற வரையில் சாப்பிடக் கூடாதே என்று, அலிப்பூர் ஆபீஸிலிருந்து பசியோடு வந்து இலையில் உட்கார்ந்த என் அகத்துக்காரரை எழுப்பிவிட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு சங்கு, அதற்கும் அடுத்த வீட்டில் ஒன்று. ஊரே ஒரேயடியாகப் போய்விட்டதோ என்று நான் நடுங்க, அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் எனக்கு முன்பே வந்து குமாஸ்தா வேலை பார்த்தவர். இங்கே சுமங்கலிகள் துளசிக்கு விளக்கேற்றிவிட்டு லக்ஷ்மியை அழைப்பதற்காக ஊதுகிறார்களாம். சந்துப் பிள்ளைகளுக்கு அதுதான் மணி. சங்கு கேட்டால் கோலி, பட்டம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடும்.

பிற்பாடு எனக்குப் பிறந்த காமு மட்டும் சங்கு கேட்டு ஓட மாட்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து, அதற்கப்புறம்தான் ஓடுவாள். குழந்தை விளையாட்டில் கெட்டி, போக மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாஷிமாதான் (இங்கே வயதில் மூத்த பெண்களைச் சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஒரு நாள் காமுவின் முதுகுக்குப் பின்னால் நின்று சங்கை ஊதிப் பார்த்தாள். காமு மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள், கிழித்துக்கொண்டேயிருந்தாள். மாஷிமா சங்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரத் துரை வைத்தியரும் பார்த்தார். பிறவிச் செவிடு, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். காது கேட்காததால் பேச்சும் வரவில்லை.

இதை நாங்கள் மூடி மறைத்தோம் என்பதைவிட, இரண்டு ஊரும் சேர்ந்து எங்களுக்காக மறைத்துக் கொடுத்தன என்பதுதான் சரி. காமு கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் சந்துப் பெண்கள், மதராஸிக் குழந்தைக்கு வங்காளம் எப்படிப் புரியும் என்று தாங்களே கேட்டுத் தாங்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் போனபோது அங்கே உறவுக்காரர்கள், கல்கத்தாக் குழந்தைக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்று சிரித்தார்கள். என் அகத்துக்காரர் இரண்டு இடத்திலும் தலையை ஆட்டிவைத்தார். இங்கே அவள் மதராஸி, அங்கே வங்காளச்சி. ரயிலில் இரண்டு மூன்று நாள் பிரயாண தூரம் எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் காமுவுக்கு எட்டு வயது. அவள் தங்கை பட்டுவுக்கு ஐந்து. பட்டு வாய் ஓயாமல் பேசுகிறவள், அக்கா பேசாததையும் சேர்த்துப் பேசுவாள்.

காமுவுக்கும் சொல்ல நிறைய இருந்தது. தலையில் கையைச் சுற்றிக் காட்டினால் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற அப்பா. மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினால் சங்கு வளையல் போட்ட மாஷிமா. தன் கன்னத்தில் விரலை அழுத்திக் காட்டினால் பட்டு, ஏனென்றால் சிரிக்கும்போது பட்டுவுக்குக் கன்னத்தில் குழி விழும். இந்தப் பெயர்களையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தானே வைத்தவை. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் இதில் ஒன்றுகூடச் செல்லாது. நான் கண்ணை மூடிவிட்டால் இவளோடு பேச உலகத்தில் யார் இருப்பார்கள் என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

மாஷிமாவோடு ஒரு முறை குதிரை வண்டியில் வடக்கே போனபோது ஒரு கட்டடத்து வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். இரைச்சலே இல்லை. கைகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. ஒரு பையன் ஏதோ காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது போபாக்களின் பள்ளிக்கூடம் என்று மாஷிமா சொன்னாள். பேசாதவர்களை இங்கே போபா என்பார்கள். இவர்களுக்குப் படிக்கவும் எழுதவும் சொல்லித்தருகிறார்களாம், சிலருக்குப் பேசவும் வருகிறதாம். வண்டியை நிறுத்து என்று நான் போட்ட சத்தத்தில் குதிரையே பயந்துபோயிற்று.

மறுவாரம் என் அகத்துக்காரருக்குத் தெரியாமல் காமுவை அழைத்துக்கொண்டு போனேன், மாஷிமா துணைக்கு வந்தாள். தலைமை வாத்தியார் நல்ல மனுஷர். காமுவுக்கு ஒரு சிலேட்டைக் கொடுத்தார். அவள் மாஷிமாவை வரைந்தாள், வளையலை மறக்காமல். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, இங்கே எல்லாம் வங்காளத்தில்தான், மதராஸிப் பாஷையில் சொல்லித்தர எங்களிடம் ஆள் இல்லையே அம்மா என்றார். சொந்தப் பாஷையை விட்டுவிட்டு வேற்றுப் பாஷையைக் குழந்தைமேல் ஏற்றுவது பாவம் என்று அவருக்கு எண்ணம்.

எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் சொன்னேன்: “இவளுக்குத் தமிழும் தெரியாது ஐயா. எந்தப் பாஷையும் கிடையாது. நீங்கள் எதைக் கொடுக்கிறீர்களோ அதுதான் இவளுக்குச் சொந்தம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூஜை விடுமுறை கழிந்ததும் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் தகப்பனார் நேரில் வந்து குழந்தையின் நிலையைத் தன் வாயால் சொல்லிச் சம்மதம் தர வேண்டும் என்றார். ஏழு கடல் தாண்டியவளுக்கு வாசற்படி தடுக்கிற இடம் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

வீட்டில் என் அகத்துக்காரரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எம் பொண்ணு செவிடுன்னு ஒரு வங்காளியண்ட போய் நின்னு சொல்லச் சொல்றயா?” என்றார்.

“வங்காளிதானே பள்ளிக்கூடம் வெச்சிருக்கார். நம்மவா யாரானும் வெச்சிருந்தா அங்க போய்ச் சொல்லலாம்” என்றேன்.

அவர் பயந்தது காமுவுக்காக மட்டும் இல்லை. அக்கா ஊமை என்று தெரிந்தால் பட்டுவை யார் எடுப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. அதோடு, தஞ்சாவூரிலிருந்து அவருடைய அண்ணா காமுவுக்கே ஒரு வரன் பார்த்துவிட்டார். பிள்ளையின் அத்தை இங்கேதான் சாந்த்ராகாச்சியில் இருக்கிறாள், அவள் அகத்துக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அவள் நவராத்திரிக்கு வந்து பெண்ணைப் பார்ப்பாள், அண்ணாவும் கூட இருந்து பேசி முடிப்பார் என்று ஏற்பாடு. விஷயம் தெரிந்த அண்ணா வந்து இறங்கியதும், தாலி ஏறிய பிறகு பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “ஏறினப்பறம் யார் என்ன பண்ண முடியும்?” என்றார் அண்ணா. தள்ளிவைக்க முடியும். பின்கட்டில் போட்டுச் சோறு வைக்க முடியும். அப்படி இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நவராத்திரி வந்தது. இங்கே அதுதான் துர்கா பூஜை. நாங்கள் வீட்டுக்குள் கொலு வைத்திருக்க, சந்து முனைப் பந்தலில் டாக் மேளம் கூரை அதிர முழங்கிக்கொண்டிருந்தது. காமுவுக்கு அரக்குப் பாவாடை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தேன், லட்சணமாக இருந்தாள். சாந்த்ராகாச்சி மாமி அவளைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துபோனாள். சுண்டலை வாங்கிக்கொண்டு, குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே என்றாள். கொலுவுக்கு வந்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்? அண்ணா தயாராக இருந்தார். இங்கேயே வளர்ந்தவள், நம் பாட்டு வராது, வாயைத் திறந்தால் வங்காளம்தான் என்று பெருமையாகவே சொன்னார். தஞ்சாவூரில் எத்தனையோ தடவை செல்லுபடியான பேச்சு அது.

பாவம், தஞ்சாவூர்க்காரர். சாந்த்ராகாச்சியில் வருஷக்கணக்காகக் காய்கறிக்காரியோடும் வேலைக்காரியோடும் மல்லுக்கு நிற்கிறவளுக்கு வங்காளம் வராதா என்று அவருக்குத் தோன்றவில்லை. என் அகத்துக்காரருக்கும் தோன்றவில்லை. மாமி சந்தோஷமாகக் குழந்தை பக்கம் திரும்பி, “தோமார் நாம் கீ, மா?” என்று பேரைக் கேட்டாள். காமு சிரித்தாள். மாமி மறுபடியும் கேட்டாள், பேரைச் சொல்லு கண்ணே என்று தமிழிலும் கேட்டாள். காமு இன்னும் அழகாகச் சிரித்தாள். டாக் மேளம் திடீரென்று உச்சத்துக்குப் போக, வந்திருந்த குழந்தைகள் எல்லாம் வாசலுக்குப் பாய்ந்தன. காமுவுடைய கண் மாமியின் முகத்தைவிட்டு அசையவில்லை. அந்த ஊருக்குச் சொன்ன சமாதானமும் இந்த ஊருக்குச் சொன்ன சமாதானமும் ஒரே பொம்பிளை முன்னால் வந்து நின்றுவிட்டன. வெட்கப்படுகிறாள் என்றார் அண்ணா. மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அவளுக்குக் காது கேக்காது மாமி. பொறந்ததிலேர்ந்தே” என்றேன். “பாட முடியாது. ஆனா படிக்க முடியும். அதுக்குத்தான் இந்தாத்துல கெஞ்சிண்டிருக்கேன்.”

மாமி சுண்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். போகிறபோது காமுவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அது இரக்கமா, விலகிக்கொள்வதற்கு அடையாளமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பத்து நாளைக்குள் இங்கே உள்ள தமிழ்க் குடும்பம் அத்தனைக்கும் தெரிந்துவிட்டது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் என் அகத்துக்காரர் பூஜை கழிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொன்னார். இரண்டே வாக்கியம்தான்.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அண்ணா விடவில்லை. மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஊருக்கெல்லாம் பறைசாற்றப்போகிறாயா, செய்துகொள், ஆனால் சின்னவளை நான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிறேன், அங்கே என் வீட்டுப் பெண்ணாக வளரட்டும், கல்யாணமும் அங்கிருந்தே ஆகட்டும், அவளுக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதாகப் பேச்சே எழக் கூடாது என்றார். என் காலை உடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள் என்றேன். சாப்பிடாமல் கிடந்தேன். பெற்ற தகப்பனே சரி என்று சொன்ன பிறகு என் பட்டினிக்கு என்ன மரியாதை? ஒரு பெண் படிப்பதற்கு இன்னொரு பெண்ணை விலையாகக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

மிதவைப் பாலத்தைத் தாண்டி ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனோம். பட்டுவுக்கு ரயிலில் போகிற குஷி. தஞ்சாவூரில் யானை இருக்குமா என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். வண்டி நகர்ந்தது. இது அரை மணியில் சாந்த்ராகாச்சியைத் தாண்டிவிடும், அந்த மாமி தன் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம் என்று பைத்தியம் போல ஏதோ தோன்றிற்று. காமு என் புடவையை இழுத்தாள். கன்னத்தில் விரலை அழுத்திக் காட்டி, வண்டி போன பக்கம் கையை நீட்டி, எப்போது வருவாள் என்று புருவத்தைத் தூக்கினாள்.

இப்போது காமு பள்ளிக்கூடம் போகிறாள். விடிந்ததும் அவளை டிராமில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்புறம் தலைதெறிக்க ஆபீஸுக்கு ஓடுகிறவர் அவள் அப்பாதான். வாத்தியார் தன் தொண்டையில் இவள் கையை வைத்து, அங்கே எழும் அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பேச்சைப் பழக்குகிறார். முதலில் வந்த சொல் ‘மா’, வங்காளத்தில் அம்மா. கரகரவென்று, உடைந்த குரலில் வந்தது. வங்காளத்துப் பேரைச் சொல்லித்தான் என் பெண் என்னை முதல் தடவையாகக் கூப்பிட்டாள். எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, நான் ஓடித்தான் போனேன். பூஜைக்குப் பூஜை பெரிய மனுஷர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளியும் சந்தேஷ் பட்சணமும் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் இந்தப் பிள்ளைகள் படிப்பது தர்மத்துக்கு அல்ல, பாத்தியத்துக்கு. பட்டுவுக்குப் பேச்சு எப்படிப் பாத்தியமோ, காமுவுக்குச் சிலேட்டு அப்படி. ரங்கூனிலும் பம்பாயிலும் இங்கேயும் இருக்கிற சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு காமு இருக்கலாம். கண் தெரியாமலோ கால் வராமலோ இருக்கலாம். இரண்டு ஊருக்கு நடுவே ஒளித்து வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே உள்ள தமிழ்ப் பெரியவர்கள் நம் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பாடம் ஆரம்பித்திருக்கிறார்கள். காமுவும் ஒரு மூலையில் உட்காரட்டும் என்று கேட்டேன். வேண்டாம், மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள். எதைப் பழகிக்கொள்ளும் என்று கேட்டேன். மறுபடியும் கேட்பேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம், அடுப்பில் கை வேலையாக இருந்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே சங்கு ஊதுகிற சத்தம். இத்தனை வருஷம் ஆகியும் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் பார்த்தால் காமு. மாஷிமாவின் சங்கை வாங்கி வந்து வைத்துக்கொண்டு ஊதுகிறாள். ஒரு கை சங்கில், ஒரு கை தொண்டையில். சத்தம் வந்துவிட்டதா என்று தொட்டுத் தெரிந்துகொள்கிறாள். எப்படியோ வசப்பட்டுவிட்டது. நீளமாக, நடுங்கிக்கொண்டு வந்தது. மூச்சு வாங்க என்னைத் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் விரலை அழுத்திக் காட்டினாள். பிறகு சந்து முனையைக் காட்டினாள்.

இவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெண்கள் அதை எடுத்து வாயில் வைப்பார்கள், எங்கெங்கோ போன பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு ஓடி வரும். அது லக்ஷ்மிக்கு என்றும் அவளுக்குத் தெரியாது, எங்கள் பக்கத்தில் எதற்கு ஊதுவார்கள் என்றும் தெரியாது. சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரியாது.

சந்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன. காமு இன்னொரு முறை ஊதிவிட்டு வாசற்படியில் காத்துக்கொண்டு நின்றாள். சங்கை அவளிடமிருந்து வாங்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் போய் நானும் நின்றேன்.