கையெழுத்துப் போட வைத்தவன்

சமயநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். நிர்வாகம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தபோது, நானும் என் கூட்டாளி பாண்டியும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

போடாதவர்களுக்கு வேலையே தரவில்லை. ஷிப்ட் முழுக்கச் சுவரோரம் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. கூட வேலை பார்த்தவர்கள் எங்களைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். என் கால்கள் வீங்கின. பாண்டி பக்கத்தில் இருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன்.

ஒருநாள் மேனேஜர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்ள, ஒன்னையக் கையெழுத்துப் போட வச்சா என்னைய மறுபடி மெஷினுக்கு அனுப்புறாகளாம். மகளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கேன். வேலை போச்சுன்னா அவுக ஒதுங்கிருவாக."

"அப்ப என் கதி?"

"நீ ஒத்த ஆளுதானடா. ஒனக்கு எம்புட்டு வேணும்?"

என் மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றவர்களில் அவனும் ஒருவன்.

அன்றே கையெழுத்துப் போட்டேன். அவனுக்காக அல்ல. அவன் பக்கத்தில் இனி நிற்க முடியாது என்பதற்காக.

சில மாதங்கள் கழித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஏமாத்திப்புட்டாங்கெடா மாப்ள. மெஷினுக்கு அனுப்பவே இல்ல, வெளியே தள்ளிட்டாங்கெ. கல்யாணமும் முறிஞ்சு போச்சு."

கையை உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். அத்தனை வருஷக் கூட்டாளி அழுதும் எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.